உள்பக்கத் தாழ்ப்பாள்

எங்கள் ஊரில் புதுவீடு வாங்குகிறவர்களுக்கு அறைகளை வீட்டோடு சேர்த்துத் தருவதில்லை. வாசற்கதவையும் கூடத்தையும் மட்டும் ஒப்படைத்துவிட்டு, மற்றவற்றை அறைக்கொரு டப்பாவில் அடைத்து பில்டர் ஊருக்குள் ஒளித்து வைத்துவிடுவார். எந்த டப்பா எங்கே இருக்கிறது என்பதற்கான அட்சரேகையும் தீர்க்கரேகையும் நம் கைபேசிக்கு வந்துவிடும். தேடி எடுத்து வருவது நம் பாடு.

வெளிநாடுகளில் இதையே ஜியோகேச்சிங் என்ற பெயரில் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள் என்று என் கணவர் இளம்பரிதி எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். அங்கே டப்பாவைத் திறந்தால் பென்சிலும் பொம்மையும்தான் இருக்குமாம். அதற்காகக் காடு மேடெல்லாம் அலைகிறார்களாம். ஒரு குளியலறைகூடக் கிடைக்காத தேடலுக்கு இத்தனை அலைச்சலா என்று எனக்குப் பாவமாக இருந்தது.

நாங்கள் வீடு வாங்கியது கருமண்டபத்தில், மூன்றாவது மாடியில். பில்டர் குழந்தைவேலு அனுப்பிய செய்தியில் குளியலறைக்கு ஒரு நட்சத்திரம், அடுக்களைக்கு இரண்டு, படுக்கையறைக்கு நான்கு என்று போட்டிருந்தது. நட்சத்திரம் கூடக்கூடக் கண்டுபிடிப்பது சிரமம். படுக்கையறைக்குக் கீழே மட்டும், ‘உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு’ என்று ஒரு வரி இருந்தது. வீட்டைப் பற்றி வந்த செய்திகளிலேயே நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான்.

கல்யாணத்தன்று தாலியில் முடிச்சுப் போடும்போது அவர் என் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். கெட்டிமேளத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைக் காட்டிக்கொள்ளாமல் தலையை ஆட்டிவிட்டேன். வீடியோவில் அவர் உதடு அசைவதும் நான் தலையாட்டுவதும் பளிச்சென்று தெரிகின்றன. நான் எதற்குச் சம்மதித்தேன் என்பதுதான் தெரியவில்லை.

அதை அவரிடம் கேட்டுவிடலாம். கேட்க இடம் இல்லை. கல்யாணமானதிலிருந்து பாலக்கரையில் அவருடைய அண்ணன் வீட்டில் இருந்தோம். அண்ணனை நான் மாமா என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்களுக்கு மூன்று பெண்கள். அக்காவின் தம்பி ஒருவரும் அங்கேயே தங்கி ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தங்கமான மனிதர்கள். எங்களுக்குக் கூடத்தை ஒதுக்கியிருந்தார்கள். அந்த வீட்டில் கூடத்தைத் தாண்டாமல் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது. ஒருநாள் துணிந்து இவரிடம், அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். இவர் காது சிவந்துபோனது. அக்கா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். அக்காவின் தம்பி புத்தகத்தை மூடினார். இவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சட்டைக்குப் பொத்தான் போட ஆரம்பித்தார். அது ஏற்கெனவே போட்டிருந்த பொத்தான்.

பிறகு சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் போய் உட்கார்ந்து பேச ஆரம்பித்தோம். அங்கே யாரும் யாருடைய பேச்சையும் காதில் வாங்குவதில்லை. ஆனால் என் காதிலும் விழவில்லை. இரண்டு முறை சொன்னார். இரண்டு முறையும் துறையூர் பஸ் கிளம்பியது. மூன்றாவது முறை கேட்க எனக்கே கூச்சமாகிவிட்டது.

புதுவீட்டில் கூடம் இருந்தது, ஆனால் எல்லா அறைகளும் வந்து சேரும்வரை வாசற்கதவைச் சாத்தக் கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால்தான் தாழ்ப்பாள். ஆனியோ ஓடிக்கொண்டிருந்தது. ஆடி பிறப்பதற்குள் லால்குடியிலிருந்து அப்பா வந்து என்னை அழைத்துப் போய்விடுவார். புதுப்பெண்ணை ஆடியில் கணவன் வீட்டில் விட்டுவைக்கிற வழக்கம் எங்களில் இல்லை. அதுமட்டுமல்ல, ஆடி பிறந்த பிறகும் கிடக்கிற டப்பாக்கள் யார் கையில் அகப்படுகின்றனவோ அவர்களுக்கே சொந்தம். படுக்கையறையும் போய் நானும் போய், இவர் கூடத்தில் அண்ணன் பெண்களோடு கேரம் ஆடிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நாங்கள் இதற்குப் புதிது என்பதால் கருமண்டபத்துக் கீழ்வீட்டு ஸ்டெல்லாவிடம் விசாரித்துக்கொண்டோம். ஸ்டெல்லா தன் அறைகளை எல்லாம் எடுத்து முடித்தபின்னும் பழக்கதோஷத்தில் தேடி, யாருடையதோ ஒரு மாடிப்படியையும் எடுத்து வந்திருந்தாள். அது எங்கும் போகாது. அவள் பிள்ளைகள் அதில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். முதலில் சுலபமானதில் தொடங்க வேண்டும், தேடுவது வெளியாருக்குத் தெரியக் கூடாது, அறையை எடுத்தால் பதிலுக்கு அதற்கு ஈடாக எதையாவது டப்பாவில் வைக்க வேண்டும், ஈடு போதாவிட்டால் மூடி மூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். கிளம்பும்போது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

“வெளிய வச்சு மட்டும் தெறந்துராதீங்க. வீட்டுக்குக் கொண்டாந்து, செவுத்தோரமா வச்சுத் தெறங்க. ஆசைப்பட்டு அங்கனயே தெறந்தவங்க கதையெல்லாம் நெறய இருக்கு.”

ஈடாக வைப்பதற்கு எங்களிடம் சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. கல்யாணத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் சுவர்க் கடிகாரம்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு மஞ்சள் பையில் ஒரு கடிகாரத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

குளியலறை ஜங்ஷன் மேம்பாலத்தின் கைப்பிடிக் கம்பிக்கு அடியில், காந்தம் வைத்த சின்னப் பெட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பாலத்தில் வேடிக்கை பார்ப்பதுபோல நின்று, கையை விட்டுத் துழாவியதும் கிடைத்துவிட்டது. கடிகாரத்தை வைத்து மூடினோம். மூடிக்கொண்டது. குளியலறையைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரோரம் அவிழ்த்ததும் லேசாக ஒரு குலுங்கல். கீழ்வீட்டில் காலண்டர் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. குழாயைத் திருகினேன், தண்ணீர் வந்தது.

அடுக்களை அவ்வளவு சுலபமாக அமையவில்லை. அது காந்தி மார்க்கெட்டில், வெங்காய மண்டிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. ஆள் நடமாட்டம் ஓயாத இடம். நாங்கள் தேடுவது தெரியாமலிருக்க, சண்டை போடுவதுபோல நடிக்கலாம் என்று இவர் சொன்னார். சண்டை நடக்கிற இடத்திலிருந்து நாகரிகமானவர்கள் ஒதுங்கிப் போவார்கள் என்பது இவர் எண்ணம். இவர் எந்த ஊரில் வளர்ந்தார் என்று எனக்கு அப்போது சந்தேகமாக இருந்தது. நான் குரலை உயர்த்திய மறுகணம் சந்து நிறைந்துவிட்டது. மூட்டை தூக்குகிறவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கறிவேப்பிலை விற்கிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் ஆரம்பத்தில் இப்படித்தான் கஷ்டப்பட்டதாகச் சொன்னார். கடைசியில் தவறு இவர் பக்கம்தான் என்று முடிவாகி, இவர் எனக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்த பிறகே எங்களை விட்டார்கள்.

மறுநாள் இவர் சட்டையை உள்ளே விட்டு, கையில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு வந்தார். எதிரில் வந்த முதல் ஆளிடம், “சார், ஒரு நிமிஷம், குடும்பத்துக்குப் பாலிசி எதுவும் எடுத்திருக்கீங்களா?” என்றார். சந்து காலியாகிவிட்டது. மண்டிக்காரரே கல்லாவை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் சாவகாசமாகத் தேடி, செங்கலுக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை எடுத்தோம். அடுக்களைக்குக் கடிகாரம் போதவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரிக்காத டின்னர் செட்டையும் கொண்டுவந்து வைத்த பிறகுதான் மூடி மூடியது.

படுக்கையறைக்குப் பொன்மலை ரயில்வே காலனிக்குப் போகச் சொன்னது கைபேசி. அங்கே பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். மரத்தடியில் கைபேசியின் அம்பு ஒரு நிலையில் நிற்காது. இங்கே என்கும், அங்கே என்கும், நமக்குப் பின்னால் என்கும். நாலைந்து முறை போய் வேரைக் கிளறி, கல்லைப் புரட்டி, கையைப் பிசைந்துகொண்டு திரும்பினோம். பில்டர் ஒரு குறிப்பு கொடுத்திருந்தார். ‘குனிய வேண்டாம்’ என்பதுதான் அந்தக் குறிப்பு. அதைக் குனிந்தபடியே படித்ததால் எங்களுக்கு உறைக்கவில்லை.

ஆனி கடைசி நாள் வந்தது. சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்த அப்பா காலையிலேயே பாலக்கரைக்கு வந்து சேர்ந்துவிட்டதாகப் போன் செய்தார். என் துணிகளை அக்காவே பையில் அடுக்கிக்கொண்டிருப்பதாகவும், சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டு நான் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ, அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் பஸ் ஏறப் போகிறேன் என்று ஆத்திரமாகவும் இருந்தது. இவர் என்ன செய்வதென்று தெரியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே மேலே பார்த்துக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே, மரம் கிளை பிரிகிற இடத்தில் ஒரு பொந்து. அதில் ஒரு பழைய ஃபிலிம் ரோல் டப்பா இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோக நேரம் இல்லை என்று எங்கள் இருவருக்குமே தெரிந்தது. கருமண்டபத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அதற்குள் அப்பா போன் மேல் போன் போடுவார். இவர் என்னைப் பார்த்தார்.

“இங்கயே தெறந்துருவோமா ரேணு? சொல்லிட்டு ஒடனே மூடிரலாம். ரெண்டு வார்த்தைதான்.”

ஸ்டெல்லா சொன்னது என் நினைவுக்கு வந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

டப்பாவின் மூடியைத் திறந்து மரத்தடியில் வைத்ததும் படுக்கையறை எழுந்து நின்றது. வெளியில் வெள்ளைச் சுண்ணாம்பு, தேக்கு நிறத்தில் கதவு. நாங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனோம். புதுவீட்டுக்குள் செருப்போடு போக யாருக்கு மனம் வரும். உள்ளே ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் கருமண்டபத்து எதிர்மாடியின் தண்ணீர்த் தொட்டியும், அதன் பக்கத்தில் காய்கிற புடவையும் தெரிந்தன. நான் கட்டிலில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி முதல் முறையாக எங்களைச் சுற்றி யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

இவர் தாழ்ப்பாள் போடப் போனார். கதவில் தாழ்ப்பாள் இல்லை. அது செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் இருந்தது, கூடவே நான்கு திருகாணிகள். தாழ்ப்பாள் உண்டு என்றுதான் பில்டர் எழுதியிருந்தார், பொருத்தியிருக்கிறது என்று எழுதவில்லை. எங்களிடம் திருப்புளி இல்லை. இவர் நகத்தால் திருகிப் பார்த்தார், சாவியால் திருகிப் பார்த்தார். விடுங்கள், நான் கதவில் சாய்ந்துகொள்கிறேன், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் கையில் வாங்கிக்கொண்டு கதவில் முதுகை வைத்து நின்றேன். இவர் பக்கத்தில் வந்து என் காதருகே குனிந்தார்.

அப்போது யாரோ கதவை மரியாதையாகத் தட்டினார்கள்.

திறந்தால், நடுவயதுப் பெண் ஒருவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். “பால் காய்ச்சியாச்சாம்மா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ரயில்வே தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்த இருவர், எங்கள் செருப்புக்குப் பக்கத்தில் தங்கள் செருப்பை வரிசையாக விட்டுவிட்டு வந்தார்கள். எங்கள் ஊரில் புதுக்கதவுக்கு வெளியே இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதைப் பார்த்த பிறகும் எட்டிப் பார்க்காமல் போவது மரியாதை இல்லை. செருப்பை உள்ளே எடுத்து வைத்திருக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் அப்படித்தான் செய்வார்களாம். எங்களுக்குத் தோன்றவில்லை.

ஐந்து ஜோடியைப் பார்த்து ஐம்பது ஜோடி வந்தது. அதைப் பார்த்துத் தெருவே வந்தது. வந்தவர்களை நிற்க வைக்க முடியுமா? வாங்க வாங்க என்றோம். அறை சிறியதுதான், ஆனாலும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்று சொன்னால் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர்கள் தள்ளத் தள்ள இடம் இருந்தது. பாலும் இல்லை, அடுப்பும் இல்லை என்பது தெரிந்ததும் முதலில் வந்த பெண்ணே வீட்டுக்குப் போய் ஸ்டவ்வும் பாலும் கொண்டுவந்தார். பால் பொங்கியது. குலவை போட்டார்கள். டவுன் பஸ் ஒன்று ஓரமாக நின்றது. ஓட்டுநர், நடத்துநர், பயணிகள் எல்லோரும் இறங்கி வந்தார்கள். காந்தி மார்க்கெட்டின் கறிவேப்பிலை அம்மா வந்து, சமாதானமாகிவிட்டீர்களா என்று விசாரித்துவிட்டு உட்கார்ந்தார். ஸ்டெல்லா பிள்ளைகளோடு வந்தாள். என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

மத்தியானத்துக்கு மேல் மாமாவும் அக்காவும் பெண்களும் அக்காவின் தம்பியும் வந்தார்கள். அப்பா என் துணிப்பையோடு வந்தார். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மின்விசிறிக்கு நேராக ஒரு இடம் பார்த்து உட்கார்ந்து பால் குடித்தார். மாமா கட்டிலில் சாய்ந்துகொண்டார். அக்கா யார் யாருக்குப் பால் வரவில்லை என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். எங்களைத் தவிர எல்லோருக்கும் அந்த அறை பிடித்துப்போயிருந்தது. நாங்கள் இருவரும் இடம் இல்லாமல் மெல்ல மெல்ல நகர்ந்து கதவுக்கு வெளியே வந்து நின்றோம்.

வெளியே வந்த பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. வர யாரும் மீதி இல்லை.

வெளியில் திறந்த அறையைப் பொழுது சாய்வதற்குள் மூட வேண்டும் என்பது வழக்கம். இவர் கதவுக்குள் தலையை நீட்டி, மூடலாமா என்று தயக்கத்தோடு கேட்டார்.

“சாத்திட்டுப் போங்கப்பா. ஃபேன் காத்தெல்லாம் வெளிய போவுது” என்றார் உள்ளிருந்து அப்பா.

தாழ்ப்பாள் என் கையிலேயே இருந்தது. அதை எடுத்துக்கொள்வதால், ஈடாக மஞ்சள் பையிலிருந்த கடிகாரத்தை உள்ளே நீட்டினேன். அக்கா வாங்கி ஆணியில் மாட்டி, கோணலாக இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டார். டப்பாவின் மூடியை வைத்து அழுத்தினோம். அறை மடிந்து உள்ளே போனது. மூடி சரியாக உட்கார்ந்தது. அறையை எடுத்துக்கொள்ளாவிட்டால் டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும் என்பதால் இவர் எம்பிப் பொந்தில் வைத்தார். அடுத்த வீட்டில் ரேடியோ பாடுவதுபோல அதிலிருந்து பேச்சுச் சத்தம் லேசாக வந்துகொண்டிருந்தது. மாமா குறட்டை விடுவதை நான் அடையாளம் கண்டுகொண்டேன்.

செருப்புகள் குவிந்து கிடந்தன. முதலில் வந்தவர்கள் நாங்கள், அதனால் எங்களுடையவை அடியில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கி, எங்கள் இரண்டு ஜோடியையும் எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். பழக்கத்தில் கால்கள் சத்திரம் பேருந்து நிலையத்துக்கே போயின. வழியில் கடைகள் திறந்திருந்தன. ஒரு டீக்கடையில் பாய்லர் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. இவர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் கதவைத் திறந்தபடி நின்றது. நாங்கள் வழக்கமாக உட்காரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். காகம் ஒன்று பஸ் கூரையில் நடக்கிற சத்தம்கூடக் கேட்டது.

“இப்பச் சொல்லுங்க” என்றேன்.

இவர் குனிந்தார். குனிந்தவர் நிமிர்ந்து, காவிரிப் பக்கமாகப் பார்த்தார்.

“இரு. கதவு தெறந்து கெடக்கு.”

ஊரின் கதவு காவிரிப் பாலத்து முனையில் இருக்கிறது. எப்போதும் திறந்தே கிடப்பதால் யாரும் அதைக் கவனிப்பதில்லை. இவர் என்னிடமிருந்து தாழ்ப்பாளையும் திருகாணிகளையும் வாங்கிக்கொண்டார். எதிரே இருந்த சைக்கிள் கடையில் ஒரு திருப்புளியை எடுத்து, அதற்கு ஈடாகத் தன் கைக்குட்டையை மடித்து வைத்தார். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். திருகாணிகள் ஒவ்வொன்றாக மரத்தில் இறங்குவது அங்கிருந்தே கேட்டது. பிறகு கதவைச் சாத்தும் சத்தம். கீலுக்கு எண்ணெய் போட்டு வெகுகாலமாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

செருப்பை வெளியே விட்டுவிட்டாரோ என்று ஒரு கணம் பதறினேன். இல்லை, கையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார். பெஞ்சுக்கு அடியில் என் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஊரில் யாரும் இல்லாவிட்டாலும் குரலைத் தாழ்த்தி, அன்றைக்குக் குனிந்ததுபோலவே என் காதருகே குனிந்து, அன்றைக்குச் சொன்னதையே சொன்னார்.

“மாலை கழுத்துல குத்துதா?”

“ஆமா, குத்துச்சு” என்றேன். “ரொம்பவே குத்துச்சு.”

இவர் கையை நீட்டி, என் கழுத்தில் இல்லாத மாலையைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். இப்போது பரவாயில்லை.